பிரம்புப் பித்து

ஒரு வள்ளத்தின் இருக்கைக்கு இத்தனை அழகு எதற்கு என்று கேட்பவர்களை ஜேர்மனியின் ஊன்ட்றொப்பில் உள்ள என் வீட்டு நிலவறைக்கு அழைத்துப் போவேன். சுவரில் தொங்கும் பழைய கனூ இருக்கைகளில் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பேன். மெல்லிய மரச்சட்டம், அதற்குள் தேன்நிறப் பிரம்பு, பிரம்புக்கு நடுவே பிசகில்லாத எண்கோணக் கண்கள். அதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

ஊன்ட்றொப் என்றதும் தமிழருக்கு 2002இல் கும்பாபிஷேகம் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயமும், திருவிழாவில் தீர்த்தமாடும் கால்வாயும்தான் நினைவுக்கு வரும். எனக்கோ பக்கத்தில் ஓடும் லிப்பே ஆறும் சேர்ந்து வரும். கோடையில் அதில் கனூ ஓட்டுபவர்கள் பலர். அவர்களில் ஒருவருடைய பழைய மர வள்ளத்தில் பிரம்பு பின்னிய இருக்கையைக் கண்ட நாளிலிருந்து எனக்கு இந்தப் பித்து!

இந்த இருக்கைகளின் தாயகம் வட அமெரிக்கா. நியூயோர்க் மாநிலத்தின் கன்ரன் ஊரில் ஜே. ஹென்றி ரஷ்ரன், மெய்ன் மாநிலத்தில் ஓல்ட் ரவுன் கம்பனி, கனடாவில் பீற்றர்பரோ நகரத்துப் பட்டறைகள் என்று நூறாண்டுக்கு முந்திய பெயர்களைச் சொல்லும்போதே எனக்கு உற்சாகம் பிறந்துவிடும். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு வள்ளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுவழியே நடந்த மனிதர்களுக்கு ஒவ்வோர் இறாத்தலும் பாரம். பலகையைவிடப் பிரம்பு இலேசானது. துடுப்பிலிருந்து சிந்தும் தண்ணீர் அதில் தேங்காமல் கண்கள் வழியே வடிந்துவிடும். உட்கார்ந்தால் உடம்புக்கு ஏற்பச் சற்றே வளைந்து கொடுக்கும். அந்தப் பிரம்போ நம் பக்கத்துக் கொடி! இந்தோனேசியக் காடுகளில் செழித்து வளர்வது. இலங்கையின் சிங்கராஜா வனத்திலும் உண்டு. வெப்பக் காட்டுக் கொடியொன்று பனிதேசத்து வள்ளத்தில் போய் உட்கார்ந்ததை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பின்னும் வேலைதான் பேரின்பம். கொடியின் மேல்தோலைச் சீவியெடுத்த நீண்ட இழைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி சட்டத்தின் துளைகளில் கோக்க வேண்டும். முதலில் நெடுக்கு இழைகள், அவற்றின் மேல் குறுக்கு, மறுபடியும் நெடுக்கு. நாலாவது அடுக்கில்தான் உண்மையான பின்னல் தொடங்குகிறது: குறுக்கிழை மேலும் கீழுமாகப் புகுந்து மற்ற மூன்றையும் பூட்டிவிடும். இப்போது தெரிவது வெறும் சதுரக் கட்டங்கள்தான். ஐந்தாவதும் ஆறாவதும் மூலைக்கு மூலை ஓடும் இழைகள். அவை ஓட ஓடச் சதுரங்களின் முனைகள் மறைந்து எண்கோணங்கள் பிறக்கும். ஏழாவதாக, துளைகளை மூடும் ஓரப்பட்டை.

மூலையிழையில்தான் நுட்பமெல்லாம். ஒரு திசையில் போவது நெடுக்கு இணைகளுக்கு மேலாகவும் குறுக்கு இணைகளுக்குக் கீழாகவும் போக வேண்டும். எதிர்த்திசையில் வருவது அதற்கு நேர்மாறு. முறை சரியென்றால் இழை வழுக்கிக்கொண்டு போய் மூலையில் அமரும். முறை மாறினால் இடறும். நாளடைவில் உராய்ந்தே அறுந்துவிடும். கண்ணைவிட விரலுக்கே இது முதலில் தெரிகிறது. ஜேர்மனியிலும் இந்தியாவிலும் பார்வையற்றவர்கள் இந்தத் தொழிலில் சிறந்து விளங்கியதில் வியப்பில்லை. நம் கண்ணைக் கவரும் அதே மூலையிழைகள்தான் உட்காருபவரின் பாரத்தை நாலாபுறமும் பகிர்ந்து தாங்குகின்றன. இங்கே அழகு வேறு, பலம் வேறு அல்ல. என்னை இந்த இருக்கைகளோடு கட்டிப்போட்டது இதுதான்.

ஈரம் காயக் காயப் பிரம்பு இறுகும். மறுநாள் விரலால் தட்டினால் வார்பிடித்த தவில்போல ஒலிக்கும். அந்த ஓசைக்காக எத்தனை பின்னேரங்களையும் கொடுக்கலாம்!

ஜேர்மனியில் கனூ இருக்கை எளிதில் அகப்படாது. ஆனால் கைப்பழக்கத்துக்குக் கதிரைகளுக்குப் பஞ்சமே இல்லை. ரைன் நதிக்கரையில் பொப்பார்ட்டில் பிறந்த மிகாயேல் தொனெட் 1859இல் வியன்னாவில் கொண்டுவந்த 14ஆம் இலக்கக் கதிரையின் பிரம்பு இருக்கையும் இதே எண்கோணப் பின்னல்தான். அதன் வழிவந்த கதிரைகள் பழம்பொருள் சந்தைகளில் நடுவில் ஓட்டையோடு கிடக்கும். வாங்குமுன் விளிம்பைப் பாருங்கள். வரிசையாகத் துளைகள் இருந்தால் அது கையால் பின்னியது. துளைகளுக்குப் பதில் ஒரே பள்ளம் ஓடினால் இயந்திரத்தில் நெய்த பாயை அழுத்தி ஒட்டியது. பழைய பின்னலை அறுக்குமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தை அளவுக்கு மீறித் தேய்க்காதீர்கள். அந்த நிறம் ஏற நூறாண்டு பிடித்திருக்கிறது. வள்ளத்து இருக்கையென்றால், தண்ணீர் தாங்கும் வார்னிஷை அடிப்பக்கமும் பூசுங்கள். பிரம்பு ஈரத்தை உறிஞ்சுவது அந்தப் பக்கத்தால்தான்.

ரொறன்ரோ உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள்: பீற்றர்பரோவில் இருக்கும் கனேடியக் கனூ அருங்காட்சியகத்துக்கு ஒருக்கால் போய் வாருங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களே, விறாந்தையில் பிரம்பு கிழிந்த சாய்மனைக் கதிரை இருந்தால் தயவுசெய்து விறகாக்காதீர்கள். பிளாஸ்ரிக் நாடாவும் சுற்றாதீர்கள். சட்டம் நல்லாக இருந்தால் போதும், அந்தக் கதிரைக்கு இன்னொரு தலைமுறை ஆயுள் உண்டு. ஒரு கட்டுப் பிரம்பு வாங்குங்கள், தண்ணீரில் ஊறப்போடுங்கள். மிச்சத்தை உங்கள் விரல்களே கற்றுக்கொள்ளும்.