சினுஹே ஊட்டிய நஞ்சு

பிர்அவ்ன் என்றதும் கொடுங்கோலனே நம் நினைவுக்கு வருவான். பின்லாந்து நாவலாசிரியர் மிக்கா வல்தாரி (1908–1979) 1945-இல் வெளியிட்ட 'எகிப்தியன் சினுஹே'யிலோ போரை வெறுக்கும் பிர்அவ்ன் ஒருவனைக் காண்கின்றோம். மன்னன் அக்னாத்தன், ஆதோன் என்னும் கதிர்வட்டம் ஒன்றையே வணங்கச் செய்கின்றான். (இதனைத் தௌஹீது என மயங்கலாகாது.) படையனுப்ப அவன் மறுக்க, எல்லை நகரங்கள் எரிகின்றன. அவனை நேசித்த மருத்துவன் சினுஹேயே இறுதியில் அவனுக்கு நஞ்சூட்டுகின்றான். அவ்விடத்தில் ஆசிரியர் எவர் பக்கமும் சாயவில்லை. சோவியத்துடனான போரில் 1944-இல் தோற்று நிலம் இழந்த நாட்டினர் அவர். போரின் விலையையும் அறிவார், போரை மறுப்பதன் விலையையும் அறிவார். நாவலின் உயரம் அதுவே. ஆயினும், மனிதன் என்றும் மாறான் எனச் சினுஹே சலித்துரைப்பதை நாம் ஏற்பதற்கில்லை. களவும் புளுகும் நிறைந்த ஒற்றைக்கண் அடிமை காப்தா, தன் எசமானன்மீது வைத்த பற்றே அதனை மறுத்துவிடுகின்றதே!