முகம் பெருத்த பக்கங்கள்

இசைச் சஞ்சிகையின் சிறப்புக் கட்டுரைக்கு இன்று ஒரே அச்சுதான் உண்டு. இடப்பக்கம் முழுக்கப் பாடகரின் முகம். வலப்பக்கத்தில் பெருந்தலைப்பு, அதன்கீழ் மூன்று வரி உயரத்துக்குப் பெருத்த முதலெழுத்து, பத்திகளுக்கு நடுவே தடித்த எழுத்தில் தனித்து நிற்கும் ஒரு வாக்கியம். பாட்டு வரிகள் வந்தால் அவை பக்கத்தின் மையத்தில் அடுக்கப்படும். 1967 நவம்பரில் ஜோன் லெனனை முகப்பில் தாங்கித் தொடங்கிய ‘ரோலிங் ஸ்டோன்’ போன்ற மேலைச் சஞ்சிகைகளிடமிருந்து வந்த இந்த வழக்கங்களைத் தமிழ்ச் சஞ்சிகைகள் கேள்வியில்லாமல் எடுத்துக்கொண்டன. இவை கண்ணுக்கு இனியவை என்பதை மறுக்கவில்லை. இசையைப் பற்றி வாசகருக்கு இவை எதையாவது சொல்கின்றனவா என்பதே என் கேள்வி.

இதைச் சோதிக்க நட்சத்திரப் பாடகரை எடுத்தால் பயனில்லை. அவருக்காகவே பிறந்த அமைப்பு அவருக்குப் பொருந்தத்தான் செய்யும். நட்சத்திரமே இல்லாத இசையை எடுக்கவேண்டும். மாத்தளை மாவட்டத்தின் லக்கலவை எடுத்துக்கொள்கிறேன். நக்கிள்ஸ் மலைகளையொட்டிய சிங்கள உழவர் கிராமங்கள். வயலும், காடு வெட்டிப் பயிரிடும் சேனையும் அவர்களின் வாழ்வு. இத்தகைய கிராமங்களின் பாட்டு தொழிலோடு ஒட்டியது. வயலில் பெண்கள் கூடிப் பாடுவது நெலும் கவி. அரிவு வெட்டும்போது பாடுவது கொயம் கவி. யானையும் பன்றியும் சேனைக்குள் இறங்காமல் காக்க இரவெல்லாம் பரணில் விழித்திருப்பவர் பாடுவது பெல் கவி. இயற்றியவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. மேடை இல்லை, தனிக் கச்சேரி இல்லை. இந்தப் பாட்டைப் பற்றி ஒரு தமிழ்ச் சஞ்சிகை நான்கு பக்கம் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலெழுத்தைப் பெரிதாக்கும் வழக்கம் முதலிலேயே விழுந்துவிடும். அதற்கு லக்கல வரை போகவும் வேண்டாம். இலங்கையில் நெடுங்காலம் ஆட்சி செய்த பாமினி எழுத்துருவில் கொம்பு முதலில் தட்டச்சாகும், மெய் பிறகு வரும். ‘கொயம்’ என்று தொடங்கும் பத்திக்குத் தானியங்கியாக முதலெழுத்தைப் பெருக்கச் சொன்னால் கொம்பு மட்டும் மூன்று வரி உயரத்துக்கு எழுந்து நிற்கும். ககரமும் காலும் சின்னதாக ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும். யுனிகோட் இந்தப் பிழையைத் தீர்த்தது. ஆனால் ‘கொ’ முழுதும் பெரிதானால் பத்தி அகலத்தில் பாதியைத் தின்றுவிடும். எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதமே இல்லாத மொழிக்கு இது தேவையற்ற அணி. தள்ளலாம்.

தனித்து நிறுத்தும் வாக்கியத்தைப் பற்றி அவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்லமுடியாது. பக்கத்தைப் புரட்டுபவரை நிறுத்திவைக்கும் வலிமை அதற்கு உண்டு. ஆனால் எந்த வாக்கியம் அந்த இடத்துக்கு வருகிறது என்று பாருங்கள்: வறுமை, மணமுறிவு, விருது. ஒரு ராகத்தை எப்படி விரித்தார் என்பதைச் சொல்லும் வாக்கியம் அங்கே ஏறுவது மிக அரிது. வினைமுற்றில் முடியும் தமிழ் வாக்கியத்தைப் பாதியில் வெட்டினால் பொருளும் நிற்காது. அதனால் குறுகிய, உணர்ச்சி மிகுந்த வாக்கியமே தேர்வாகிறது. பாடும் ஒருவர், எங்கே மூச்சு வாங்குகிறோம், எந்த இடத்தில் மற்றவர்கள் சேர்கிறார்கள் என்று சொன்னால் அதைப் பெரிதாகப் போடுங்கள். அப்படி ஒன்று இல்லாதபோது அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

முழுப்பக்க முகம்தான் கடினமான வழக்கு. 1928இல் எஸ். எஸ். வாசன் வாங்கிய ஆனந்த விகடனில், 1930களில், கல்கி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதினார். அதே இதழில் ஓவியர் மாலி வித்துவான்களைக் கோட்டுச் சித்திரமாக வரைந்தார். மட்டமான தாளில் புகைப்படம் கறுத்துப் போகும், கோடு போகாது என்பது ஒரு வசதி. அதைவிட முக்கியமானது, மாலியின் கோடு உடம்பைப் பிடித்தது. வாய் எவ்வளவு திறந்தது, தாளம் போடும் கை எங்கே நின்றது, வயலினுக்கு மேல் தலை எப்படிச் சாய்ந்தது என்பதெல்லாம் படத்தில் இருந்தன. பாடும்போது மனிதர் என்ன செய்கிறார் என்பது வாசகருக்குத் தெரிந்தது. மாலி வரைந்ததும் புகழ்பெற்றவர்களைத்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனாலும் அவர் புகழை வரையவில்லை, தொழிலை வரைந்தார். இன்றைய வண்ணப் படத்தில் பாடகர் பட்டுடுத்திக் கமராவைப் பார்க்கிறார், பாடவில்லை. மேடைப் படமே கிடைத்தாலும் வயலினும் மிருதங்கமும் ஓரத்தில் வெட்டுப்படுகின்றன, தம்புரா வாசித்தவர் படவிளக்கத்தில்கூட இடம் பெறுவதில்லை. இது அழகுக் குறைபாடு மட்டுமல்ல, பொய்ச் செய்தி. கச்சேரி ஒருவர் நிகழ்த்துவதல்ல என்று அறிந்தவர்களே அதை ஒருவர் நிகழ்த்தியதாக அச்சிடுகிறார்கள். இதே கத்தரிக்கோலை நெலும் கவியிடம் கொண்டுபோனால் வரிசையிலிருந்து ஒரு கிழவியின் முகத்தைப் பிரித்தெடுத்து, சுருக்கங்களுக்கு ஒளியூட்டி, முழுப்பக்கம் போடுவார்கள். படம் நெஞ்சைத் தொடும். பாட்டு அந்தப் படத்தில் இருக்காது.

பாட்டு வரிகளை மையத்தில் அடுக்குவதைத்தான் நான் முழுமையாக நிராகரிக்கிறேன். சிங்கள நாட்டார் கவியில் பெரும்பான்மை நான்கு வரிச் செய்யுள்; நான்கு வரியும் ஒரே ஓசையில் முடியும். சந்தையிலும் பேருந்திலும் பாடிப்பாடி விற்ற ‘கவிக் கொள’ என்னும் கவித்தாள்களிலும் பழைய கவிநூல்களிலும் அச்சுக்கோப்பவர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். கடைசி இயைபெழுத்தை வரியிலிருந்து சற்றுத் தள்ளி, வலது ஓரத்தில், ஒன்றின்கீழ் ஒன்றாக நிறுத்தினார்கள். வாய்விட்டுப் படிக்கும் முன்னரே கண் ஓசையைக் கண்டுகொள்ளும். தமிழ்ச் செய்யுளில் எதுகை வரித் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் வருகிறது. அதனால் இடது ஓரம் நேராக நின்றால்தான் அது கண்ணில் படும். மையத்தில் அடுக்கினால் இரண்டு ஓரங்களும் கலைந்து, இரண்டு மொழிகளின் ஓசையும் மறைந்துவிடும். பாட்டை அச்சில் கேட்கவைக்க நம்மவர்கள் எவ்வளவு உழைத்தார்கள் என்பதற்கு 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யே சாட்சி. அதில் கமகங்களைக் காட்டத் தனிக் குறியீடுகள் அச்சேறின. பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களிலும் பல பாடல்களின் தலையில் ராகமும் தாளமும் ஒரு சிறுவரியாக இருந்தன. அந்த ஒரு வரிக்குக்கூட இன்றைய பளபளத்த பக்கத்தில் இடமில்லை.

மரபை உடைத்தால் போதும் என்பவர்களோடும் நான் உடன்படவில்லை. அமெரிக்காவின் ‘ரே கன்’ சஞ்சிகையில் 1994இல் வடிவமைப்பாளர் டேவிட் கார்சன், பாடகர் பிரயன் ஃபெரியின் நேர்காணல் சலிப்பூட்டுகிறது என்று அதை வெறும் சின்னங்களாலான எழுத்துருவில் அச்சிட்டார். படிக்கக்கூடிய வடிவம் இதழின் பின்பகுதியில் இருந்தது. துணிச்சல்தான். ஆனால் அங்கும் பாட்டு பேசவில்லை; வடிவமைப்பாளர் பேசினார்.

முகம் இல்லாவிட்டால் சஞ்சிகை விலைபோகாது என்பது ஆசிரியர்கள் சொல்லும் காரணம். அட்டையைப் பொறுத்தவரை அதை ஒப்புக்கொள்கிறேன். கடையில் தொங்கும் அட்டைக்கு முகம் வேண்டும். உள்ளே நான்கு பக்கத்தைப் பிரித்தவர் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டார். அவருக்கு லக்கலவின் வயலை இரு பக்க அகலத்தில் காட்டலாம், வரிசையில் நிற்கும் எல்லோரும் தெரிய, சம்மதித்தவர்கள் பெயர் எல்லாம் படத்தின்கீழ் வர. பாட்டைச் சிங்கள எழுத்திலும் தமிழிலும் அருகருகே போட்டு, ஒன்றில் வலது ஓரத்தையும் மற்றதில் இடது ஓரத்தையும் நேர்ப்படுத்தலாம். இதற்கு மேலதிகத் தாளும் வேண்டாம், வண்ணமும் வேண்டாம். பக்கம் கோக்கிறவர் அந்தப் பாட்டை ஒருமுறை கேட்டிருந்தால் போதும்.