சாபமா, காலனியா?

லிஸ்பன் நகரத்து பென்ஃபிகா கால்பந்து கிளப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சாபத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1961, 1962 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்த ஹங்கேரிக்காரக் கோச் பேலா குட்மான், சம்பளம் கூட்டிக் கேட்டார். மறுத்தார்கள். இனி நூறு வருஷத்துக்கு உங்களுக்கு ஐரோப்பாவில் கோப்பை கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்புறம் 2014 வரை எட்டு ஐரோப்பிய ஃபைனல், எட்டிலும் தோல்வி. 1990 ஃபைனல் வியன்னாவில். அங்கேதான் குட்மானின் கல்லறை. யுசேபியோவே போய்ப் பிரார்த்தித்தார். மிலானிடம் 0-1.

ஜோரான கதைதான். ஆனால் அதைவிட சுவாரஸ்யமான, கொஞ்சம் உறுத்தலான இன்னொரு கதையை இது மூடி மறைக்கிறது.

1978 வரை பென்ஃபிகா வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்ததில்லை. அதில் ஏகப் பெருமை. சரி, 1961 ஃபைனலில் பார்சிலோனாவை 3-2 என்று ஜெயித்த டீமைப் பாருங்கள். கோல்கீப்பர் கோஸ்டா பெரேரா பிறந்தது மொசாம்பிக்கில். கோல் போட்ட இருவரில் அகுவாஷ் அங்கோலா, கொலூனா மொசாம்பிக். (மூன்றாவது, பார்சிலோனா தானே போட்டுக்கொண்டது!) காலனிகள் எல்லாம் போர்ச்சுகலின் மாகாணங்கள் என்று சலாசார் அரசு சாதித்ததால் இவர்கள் 'வெளிநாட்டார்' இல்லை. அதே வருஷம் அங்கோலாவில் விடுதலைப் போர் தொடங்கிவிட்டது.

அடுத்து வந்த யுசேபியோவும் மொசாம்பிக்தான். இத்தாலிய கிளப்கள் கூப்பிட்டும் சலாசார் விடவில்லை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 1975-ல்தான் பென்ஃபிகாவை விட்டு வெளியேறினார். மொசாம்பிக் சுதந்திரம் பெற்றதும் அதே வருஷம்.