மௌனப்படங்களில் பெண்ணின் இசைவும் மறுப்பும்: மெய்ப்பாடும் எழுத்தட்டையும்

முன்னுரை

1895ஆம் ஆண்டு பாரிசு நகரில் லூமியேர் சகோதரர்கள் பொதுமக்களுக்குப் படம் காட்டியது முதல், 1920களின் இறுதியில் பேசும்படம் வேரூன்றியது வரை, திரைப்படம் கதைமாந்தரின் குரலின்றியே கதை கூறியது. அக்காலப் படங்களில் காதலும் திருமணமும் கடத்தலும் வன்முறையும் மீண்டும் மீண்டும் இடம்பெற்றன. ஆணின் விருப்பத்தைப் பெண் ஏற்றாளா, மறுத்தாளா என்பதே அக்கதைகள் பலவற்றின் திருப்புமுனை ஆகும். ஆனால் ஏற்பையும் மறுப்பையும் உரைக்கும் குரல் அப்பெண்ணுக்கு இல்லை. குரலற்ற கலை ஒன்று பெண்ணின் இசைவை எவ்வாறு உணர்த்தியது, அவ்வாறு உணர்த்துங்கால் எதனை மறைத்தது என்பதை அமெரிக்க மௌனப்படங்கள் சிலவற்றின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அச்சுறுத்தலும் வஞ்சனையும் நெருக்கடியும் இன்றி, அறிந்து அளிக்கப்படுவதும், அளித்தபின் திரும்பப் பெறத்தக்கதுமான உடன்பாடே இங்கு இசைவு எனக் கொள்ளப்படுகிறது.

இரு பனுவல்கள்

மௌனப்படம் ஒரே நேரத்தில் இரு பனுவல்களைக் கொண்டது. நடிப்பவரின் முகம், கை, நடை ஆகியவற்றால் அமைவது ஒன்று; காட்சிகளுக்கு இடையே தோன்றும் எழுத்தட்டைகளால் அமைவது மற்றொன்று. முன்னதைத் தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாட்டின் துணைகொண்டு விளக்கலாம். உள்ளத்து நிகழ்வது உடலின்வழிப் புலப்படுதலே மெய்ப்பாடு. எண்வகை மெய்ப்பாடுகளுள் இவ்வாய்விற்கு இன்றியமையாதவை அச்சம், வெகுளி, உவகை ஆகிய மூன்றும் ஆகும். எழுத்தட்டையோ உடலின் குறியைச் சொல்லாக்கிப் பொருள் வரையறுக்கிறது. பெண்ணின் உடல் அச்சத்தைக் காட்ட, அட்டை அதனை நாணம் என்றோ ஊடல் என்றோ பெயரிடுமாயின், பார்ப்போர் எதனை நம்புவர் என்னும் வினா இங்கு எழுகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அகப்பொருள் மரபில் தலைவியின் விருப்பம் சொல்லால் வெளிப்படாது குறிப்பால் அறியப்படுவது உண்டு. எனினும் அக்குறிப்பறிதல் ஒத்த அன்பின்மேல் எழுந்தது. ஒத்த அன்பு முன்நிற்க, குறிப்பு அதனை உறுதி செய்கிறது. ஒத்த அன்பே இல்லாத இடத்தில் பெண்ணின் அமைதியை விருப்பக் குறிப்பாகக் கொள்ளுதல் மரபைத் திரித்தலாகும். மௌனப்படங்கள் பலவற்றின் பிழையும் இத்தகையதே.

படக்காட்சியின் மறைப்பிற்குப் புறக்காரணமும் உண்டு. திரைப்படம் வணிகமேயன்றிக் கருத்துரிமைக்கு உரியது அன்று என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இல் தீர்ப்பளித்தது. 1952 வரை அந்நிலை நீடித்தது. மாநிலத் தணிக்கைக் குழுக்களுக்கு அஞ்சிய படைப்பாளர்கள் வன்முறையை நேரே காட்டாது, காட்சியை வெட்டி விலகினர். வெட்டப்பட்ட அவ்விடைவெளியில் நிகழ்ந்தது யாது என்பதைக் கூறும் உரிமை, பின்வரும் அட்டைக்கும் கதைமுடிவிற்கும் உரியதாயிற்று.

மறுப்பு இசைவாக மாற்றப்படுதல்

இம்மாற்றத்திற்குத் தெளிவான சான்று ஜார்ஜ் மெல்ஃபோர்டு இயக்கிய 'த ஷேக்' (1921) ஆகும். இ.எம். ஹல் எழுதிய புதினத்தில் (1919) பாலை நிலத் தலைவன் அகமது, ஆங்கிலப் பெண் டயானாவைக் கடத்திச் சென்று வன்புணர்கிறான். ருடால்ஃப் வாலண்டினோ நடித்த படத்தில் அந்நிகழ்ச்சி விலக்கப்பட்டது. டயானா அழுது நடுங்குவதைக் கண்ட அகமது பின்வாங்குகிறான். புதினத்தைவிடப் படம் மென்மையானது என்பர். எனினும் அவள் சிறைப்பட்டவளாகவே கூடாரத்தில் தொடர்கிறாள். தீண்டாமல் விடுதல் ஆணின் பெருந்தன்மையாகக் காட்டப்படுகிறதேயன்றி, அவளுடைய மறுப்பிற்குரிய மதிப்பாகக் காட்டப்படவில்லை.

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், இறைவர் ஆகிய நான்கினைக் குறிப்பார். டயானாவைப் பொறுத்தவரை அகமது கள்வனும் ஆவான், இறைவனும் ஆவான். கதை வளர வளரக் கள்வன் என்னும் கூறு அவனிடமிருந்து அகற்றப்பட்டு, ஒமைர் என்னும் மற்றொரு கொள்ளைத் தலைவன்மேல் ஏற்றப்படுகிறது. ஒமைரின் கடத்தல் கொடுமை. அகமதுவின் கடத்தல் காதலின் தொடக்கம். செயல் ஒன்றே; பெயர்கள் மட்டும் இரண்டாகின்றன. இறுதியில் அகமது பிறப்பால் ஐரோப்பியன் என்று வெளிப்படுவதும் இப்பெயர் மாற்றத்திற்குத் துணைநிற்கிறது.

டயானா தன் காதலை மணலில் விரலால் எழுதும் காட்சி இங்குக் குறிப்பிடத்தக்கது. அவளுடைய எதிர்ப்பும் சில அட்டைகளில் சொல்லாக வருகிறது. ஆனால் அவளே தன் கையால் எழுதிக் காட்டுவது இசைவு ஒன்றையே. முன்னர்க் கூறிய மறுப்பினை எல்லாம் பின்னர் எழுதிய அவ்விசைவு அழித்துவிடுகிறது. விடுதலை இல்லாத இடத்தில் எழுதப்பட்ட சொல் இசைவாகுமா என்று படம் வினவுவதில்லை.

மறுப்பு பிறர் உடைமையாதல்

பெண்ணின் மறுப்பை ஏற்றுக்கொண்டும், அதனை அவளுக்கு உரியதாக விடாத படங்கள் மற்றொரு வகை. செசில் பி. டிமில் இயக்கிய 'த சீட்' (1915) படத்தில், செஞ்சிலுவைச் சங்க நிதியைப் பங்குச் சந்தையில் இழந்த எடித் என்னும் பெண், செல்வர் ஒருவரிடம் பணம் பெற்றுத் தன்னைத் தர உடன்படுகிறாள். பின்னர்ப் பணத்தைத் திருப்பித் தந்து உடன்பாட்டிலிருந்து விலக முயல்கிறாள். அவர் மறுத்து, தம் உடைமைகள்மேல் இடும் முத்திரையை அவள் தோளில் சுட்டுப் பதிக்கிறார். அவள் அவரைச் சுடுகிறாள். முன்னர் அளித்த இசைவை ஒரு பெண் திரும்பப் பெறலாம் என்பதை மௌனப்படம் இத்துணைக் கூர்மையாக எழுப்பியது வியப்பிற்குரியது.

ஆயினும் வழக்குமன்றக் காட்சியில் அவ்வினா கைவிடப்படுகிறது. பழியைத் தன்மேல் ஏற்ற கணவன் குற்றவாளி எனத் தீர்ப்பு வருகிறது. எடித் தன் தோளைத் திறந்து தழும்பைக் காட்டிய பின்னரே உண்மை ஏற்கப்படுகிறது. அவளுடைய சொல் சான்றாகவில்லை. உடலின் வடுவே சான்றாகிறது. அங்குத் திரண்டோரின் சினமும் அவள் மறுப்பு மீறப்பட்டதற்காக அன்றி, வெள்ளையினப் பெண்ணை ஆசியர் தீண்டினார் என்பதற்காகவே எழுகிறது. செசு ஹயகாவா நடித்த அப்பாத்திரம் முதலில் சப்பானியராக இருந்து, 1918 மறுவெளியீட்டில் அட்டைகள் மாற்றப்பட்டுப் பர்மியர் ஆக்கப்பட்டது. எழுத்தட்டை ஒருவரின் நாட்டையே மாற்றவல்லது எனில், பெண்ணின் உள்ளத்தை மாற்றுவது அதற்கு அரிதன்று.

இப்போக்கின் கொடிய வடிவம் டி.டபிள்யு. கிரிஃபித்தின் 'த பர்த் ஆஃப் எ நேஷன்' (1915). தன்னை மணக்க விரும்பித் தொடரும் கறுப்பின வீரனுக்கு அஞ்சி ஃபுளோரா பாறையிலிருந்து குதித்து இறக்கிறாள். அவ்வீரனாக நடித்தவர் முகத்தில் கரிபூசிய வெள்ளையர். அவளுடைய அச்சம் அவளுக்குரிய மெய்ப்பாடாக நிற்கவில்லை. கூ கிளக்சு கிளான் நடத்தும் கொலைக்கு நியாயமாகப் பயன்படுத்தப்படுகிறது. இவ்வகைப் படங்களில் பெண்ணின் மறுப்பு அவளுடையது அன்று, அவள் இனத்து ஆண்களுடையது.

மறுப்பு மறுப்பாகவே நிற்றல்

இவற்றிற்கு எதிர்நிலையில் வைத்து எண்ணத்தக்கன மூன்று படங்கள். ஆஸ்கர் மிஷோ என்னும் கறுப்பின இயக்குநரின் 'வித்தின் அவர் கேட்ஸ்' (1920) கிரிஃபித்தின் படத்திற்கு விடையாகப் பலராலும் கருதப்படுகிறது. இதில் வெள்ளையர் கூட்டம் சில்வியாவின் வளர்ப்புப் பெற்றோரைக் கொல்லும் காட்சியும், வெள்ளையர் ஒருவர் அவளை வன்புணர முயலும் காட்சியும் மாறிமாறிக் காட்டப்படுகின்றன. கிரிஃபித்து கையாண்ட அதே படத்தொகுப்பு முறை இங்குத் தலைகீழாகிறது. இங்கு மீட்போர் எவரும் வருவதில்லை. மார்பிலுள்ள தழும்பைக் கண்டு அவள் தன் மகளே என அறிந்தமையாலேயே அவர் நிறுத்துகிறார். 'த சீட்' படத்தில் போலவே இங்கும் பெண்ணின் எதிர்ப்பன்றித் தழும்பே ஆணைத் தடுக்கிறது. ஆனால் படம் அதனை அவருடைய பெருந்தன்மையாக்கவில்லை. அவள் முறைப்படியான திருமணத்தில் பிறந்தவள் என அட்டை கூறுகிறது. இப்படம் ஸ்பெயினில் கிடைத்த படியிலிருந்து 1993இல் மீட்டமைக்கப்பட்டது. இன்றுள்ள ஆங்கில அட்டைகளின் பெரும்பகுதி ஸ்பானிய மொழியிலிருந்து மீண்டும் பெயர்க்கப்பட்டவை. எனவே அட்டையின் கூற்றை இயக்குநரின் கூற்றாக அப்படியே கொள்ளுதல் பொருந்தாது. காட்சியில் சில்வியாவின் உடல் புரியும் போராட்டமோ மொழிபெயர்ப்பிற்கு உட்படாதது.

லோயிஸ் வெபர் இயக்கிய 'ஷூஸ்' (1916) மறுப்பையன்றி இசைவையே ஐயுறுகிறது. கடைப் பணிப்பெண் ஈவாவின் கூலியில் குடும்பம் முழுவதும் உண்கிறது. தந்தை கதைப்புத்தகம் படித்துக் கிடக்கிறார். பிய்ந்த காலணிக்கு அட்டை வெட்டி வைத்து மழையில் நடப்பவள், இறுதியில் ஒரு சோடிக் காலணிக்காகத் தன்னை விரும்பும் ஒருவனிடம் செல்கிறாள். கையைப் பற்றி இழுத்தவர் எவரும் இல்லை. அவளே நடந்து செல்கிறாள். எனினும் அதனைத் தன்விருப்பம் எனப் பார்ப்போர் கொள்ளாதவாறு, நனைந்த பாதங்களையும் தேய்ந்த அடித்தோலையும் படம் முன்னரே விரிவாகக் காட்டிவிடுகிறது. வறுமை அளிக்கும் இசைவு இசைவன்று என்பதை அட்டையினும் காலணியே வலிமையாக உணர்த்துகிறது. மறுநாள் தந்தைக்கு வேலை கிடைத்தது என்னும் செய்தி வருவது அவலத்தை மிகுவிக்கிறது.

விக்டர் ஷெஸ்ட்ரோம் இயக்கிய 'த விண்ட்' (1928) திருமணத்திற்குள் இசைவு என்னும் அரிய பொருளைத் தொடுகிறது. தங்க இடமின்றி லைஜை மணக்கும் லெட்டி, மணநாள் இரவில் அவன் வலிந்து தரும் முத்தத்தை வெறுத்து உதட்டைத் துடைக்கிறாள். கதவின் இருபுறமும் இருவர் கால்களும் அலைவதைக் காட்டி அவர்தம் உள்ளங்களைப் புலப்படுத்துகிறார் இயக்குநர். வெறுப்பை உணர்ந்த கணவன் இனி அவளைத் தீண்டுவதில்லை என உறுதியளித்துக் காக்கிறான். 'த ஷேக்' படத்து அகமதுவும் பின்வாங்கினான். ஆனால் லைஜ் அவளை ஊருக்கு அனுப்பப் பொருள் சேர்க்கவும் முற்படுகிறான். இருவர்க்கும் இடையிலான வேறுபாடு இதுவே. பின்னர்ப் புயல் இரவில் ராடி என்பவன் அவளைச் சூறையாடியது காட்டப்படுவதில்லை. மறுநாள் அவள் முகமே அதனைக் கூறுகிறது. அச்சம் வெகுளியாக மாறி, அவள் அவனைச் சுடுகிறாள். கணவன் அவள் சொல்லை ஐயுறவில்லை. தழும்பு எதுவும் காட்டாமலே ஒரு பெண் நம்பப்படுகிறாள்.

தமிழகச் சூழல்

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமாகக் கருதப்படும் ஆர். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்', 1910களின் பிற்பகுதியில் சென்னையில் உருவானது. பாரதக் கதையில் சைரந்திரியாக மறைந்து வாழும் பாஞ்சாலி, கீசகனின் விருப்பத்தை வெளிப்படையாக மறுக்கிறாள். விராடன் அவையில் முறையிட்டும் நீதி பெறவில்லை. தென்னகத் திரைக்கதை ஒரு பெண்ணின் மறுப்பிலிருந்து தொடங்குகிறது என்பது எண்ணத்தக்கது. அப்படத்தின் படி எதுவும் இன்று இல்லாமையால், அவையில் அவள் முறையீடு எவ்வாறு காட்டப்பட்டது என்பது ஆய்விற்கு எட்டாததாயிற்று. அக்கால அரங்குகளில் அட்டைகளை உரக்கப் படித்து விளக்குவோர் இருந்தமையும் கருதத்தக்கது. உடல், அட்டை என்னும் இரண்டோடு விளக்குவோர் குரலும் மூன்றாம் பனுவலாகச் சேர்ந்தது. பெண்ணின் மறுப்பு அரங்கில் பிறிதொருவர் வாய்ச்சொல்லாகவே கேட்டது.

முடிவுரை

மௌனப்படத்துப் பெண்ணுக்குக் குரல் இல்லாமை தொழில்நுட்பத்தின் குறை. அவள் மறுப்பிற்கு மதிப்பில்லாமை கதையமைத்தோரின் தெரிவு. ஒரே கருவியைக் கொண்டு மெல்ஃபோர்டு மறுப்பை அழித்தார். வெபரும் ஷெஸ்ட்ரோமும் அதனைக் காத்தனர். ஆகவே காலத்தின் இயல்பு அது எனக் கூறி அமைதி காண்பதற்கு இடமில்லை. இப்படங்களை ஆராய்வோர் எழுத்தட்டை கூறுவதை முடிந்த முடிபாகக் கொள்ளாது, அது உடலின் மெய்ப்பாட்டோடு பொருந்துகிறதா என நோக்குதல் வேண்டும். இரண்டும் முரணும் இடத்தில் உடலின் சான்றையே முதன்மையாகக் கொள்ளுதல் தகும்.