சின்னக் கைக்கு எந்தப் பிஸ்டல்?

மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை என் வலது கை 16.5 சென்டிமீட்டர். ரேஞ்சில் சேர்ந்த முதல் வருடம் முழுக்க இந்த அளவை யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்துப் பார்க்கவில்லை. அங்கே இருந்தது மீடியம் கிரிப் மாட்டிய 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஒன்று. அதையே எல்லோரும் மாற்றி மாற்றிப் பிடித்துச் சுட்டோம். என் பெல்லட்டுகள் மட்டும் கூட்டமாக இடப்பக்கம் போய் விழும். "ட்ரிகரைப் புடுங்குறம்மா, மெதுவா அழுத்து" என்பார் கோச். ஆறு மாதம் அதையே திருத்திக்கொண்டிருந்தேன். தவறு விரலில் இல்லை. கிரிப்பின் மரத்தில் இருந்தது.

கிரிப் பருமனாக இருந்தால் சின்னக் கையின் சுட்டுவிரல் ட்ரிகரை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். விரல் நுனி மட்டுமே படும். நுனியால் அழுத்தினால் விசை நேராகப் பின்னால் வராது. வலக்கைக்காரருக்கு அது பிஸ்டலை இடப்பக்கம் தள்ளும். எட்டுவதற்காகக் கையைச் சுற்றிப் பிடித்தால் இன்னொரு கோளாறு: பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள கவை குழலின் நேர்கோட்டை விட்டு விலகிவிடும். இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர் உள்ள பிஸ்டலில், முன்சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால் பத்து மீட்டர் தள்ளி பெல்லட் 30 மில்லிமீட்டர் விலகிப் போகும். பத்தாம் வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். நடுவை நோக்கிச் சுட்டது ஏழில் போய் நிற்கும்.

ஆகவே கடைக்குப் போனதும் குழலைப் பார்க்காதீர்கள், விலையையும் பிறகு கேளுங்கள். சிலிண்டரைக் கழற்றி, குழலில் பாதுகாப்புக் கொடி செருகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, கவையைக் கிரிப்பின் உச்சி வளைவில் நன்றாகப் பதித்துப் பிடியுங்கள். சுட்டுவிரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதை, அதன் நடுப்பகுதி, ட்ரிகரில் படிய வேண்டும். விரலின் அடிப்பாகம் மரத்தைத் தொடக் கூடாது. இடையில் வெளிச்சம் தெரிய வேண்டும். இந்த இரண்டும் அமையாத பிஸ்டல் எவ்வளவு பேர் பெற்றதானாலும் உங்களுக்கு ஆகாது.

நான் கையில் எடுத்துப் பார்த்தவற்றுள் மூன்றைச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் மொரினி சிஎம் 162 இஐ மின்னணு ட்ரிகர் கொண்டது. அழுத்தம் கண்ணாடி உடைவது போலத் தெளிவாக முறியும். கிரிப் எக்ஸ்எஸ் முதல் எக்ஸ்எல் வரை கிடைக்கிறது. முழுநீளப் பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ. என் மணிக்கட்டுக்கு முன்பாரம் கூடுதல். நாற்பதாவது ஷாட்டுக்குப் பிறகு குழல் முனை இறங்கத் தொடங்கியது. ஆஸ்திரியாவின் ஸ்டையர் எவோ 10 காம்பாக்ட், குழல் குட்டை என்பதால் பாரம் கைக்கு அருகிலேயே நிற்கிறது. ட்ரிகரை முன்னும் பின்னும் நகர்த்தலாம், பக்கவாட்டில் திருப்பலாம். கிரிப்பின் சாய்வையும் திருகாணியால் மாற்றலாம். சின்னக் கைக்கு இந்த மூன்று வசதியும் பெரிய வரம். சைட் இடைவெளி குறைவதால் பிசகு சற்றுப் பெரிதாகும் என்பது உண்மை. ஆனால் தளர்ந்த கையில் ஆடும் நீளக் குழலைவிட அசையாத குட்டைக் குழல் எனக்கு நல்ல எண்களைத் தந்தது. மூன்றாவது, ஹெம்மர்லி ஏபி20. எடை குறைவு, மற்ற இரண்டையும்விட விலையும் குறைவு. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொடங்க ஏற்றது.

எதை வாங்கினாலும் கிரிப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே பொருந்திவிடாது. எஸ், எக்ஸ்எஸ் இரண்டுக்கும் நடுவில் தயங்கினால் சிறியதை எடுங்கள். பெரியதை இழைத்துக் குறைக்கலாம் என்பார்கள். உள்ளங்கை மேட்டில் அது சரி. கவை பதியும் பின்பக்கத்தில் இழைக்க அதிக மரம் இருக்காது, உள்ளே உலோகம் வந்துவிடும். சிறியதில் எம்-சீல் போன்ற பட்டியை வைத்து நிரப்புவது சுலபம்.

நான் செய்த முறை இது. உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு, சுடும்போது பிடிக்கிற அதே அழுத்தத்தில் கிரிப்பைப் பிடித்து விடுவேன். தூள் அப்பிய இடம் கை அழுந்தும் இடம், வெறுமையாக நிற்பது இடைவெளி. அழுந்தும் இடத்தை அரத்தால் சீவாமல் உப்புத்தாளால் மட்டும் தேய்ப்பேன், பத்து இழுப்புக்கு ஒருமுறை பிடித்துப் பார்த்தபடி. இடைவெளியில் பட்டியை அப்பி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, கையால் இறுகப் பிடித்தால் என் கையின் அச்சே அதில் விழுந்துவிடும். காய்ந்ததும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பாக விட்டால் வியர்வையில் வழுக்கும். இந்த வேலைக்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒரே நாளில் முடித்துவிட நினைக்காதீர்கள்.

அடுத்தது உள்ளங்கையின் அடியைத் தாங்கும் பாம் ரெஸ்ட். ஆலன் கீயால் மேலே ஏற்றினால் கை இறுக்கமாக உட்காரும், அந்த உணர்வு நன்றாகவும் இருக்கும். அதிகம் ஏற்றினால் கவையை மேலிருந்து பிதுக்கிவிடும். ஒரு தாள் நுழையும் அளவு விட்டுவையுங்கள். சென்னையில் மே மாத மதியத்தில் கை வீங்கும். டிசம்பர் குளிரில் டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சில் அதே கை சுருங்கும். திருகாணி எந்த அளவில் நின்றது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் ஊருக்கு ஊர் சரிசெய்யலாம்.

கடைசிச் சோதனை கண்ணை மூடிச் செய்வது. பிஸ்டலை இலக்கை நோக்கித் தூக்கி, கண்ணைத் திறவுங்கள். முன்சைட் பின்சைட்டின் வெட்டுக்கு நடுவில் நின்றால் கிரிப் உங்களுடையது. எந்தப் பக்கமாவது ஒதுங்கியிருந்தால் மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்யக் கூடாது. மரத்தைத்தான் மாற்ற வேண்டும். 2018 முதல் பெண்களுக்கும் அறுபது ஷாட், 75 நிமிடம். அறுபது முறையும் மணிக்கட்டை ஒரே அளவில் வளைத்துவைக்க யாராலும் முடியாது.

பட்டி வைக்கும்போது விதியையும் மறந்துவிட வேண்டாம். மணிக்கட்டு எந்தத் தாங்கலும் இல்லாமல் வெளியே தெரிய வேண்டும். பாம் ரெஸ்ட் கையைச் சுற்றி மேல்நோக்கி வளையக் கூடாது. மொத்தப் பிஸ்டலும் 420 x 200 x 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும்; எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது; ட்ரிகர் குறைந்தது 500 கிராமைத் தூக்கி நிற்க வேண்டும். அளவுப் பெட்டி சின்னக் கைக்காரருக்குத் தொந்தரவு தருவதில்லை. பாம் ரெஸ்ட் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

17 சென்டிமீட்டருக்குக் குறைவான கை என்றால் என் தேர்வு குட்டைக் குழல், எக்ஸ்எஸ் கிரிப், முழுக்கப் பின்னுக்கு இழுத்த ட்ரிகர். இந்தப் பிஸ்டல்கள் லட்ச ரூபாயைத் தாண்டுபவை. எல்லாப் பெற்றோராலும் வாங்கித் தர முடியாது. பெரும்பாலான பிள்ளைகள் சங்கத்துப் பிஸ்டலில்தான் சுடத் தொடங்குகிறார்கள். ரேஞ்ச் நடத்துபவர்களே, பத்து வயதுப் பெண்ணிடம் மீடியம் கிரிப்பைக் கொடுத்துவிட்டு விரலைக் குறை சொல்லாதீர்கள். ஒரு பிஸ்டலுக்காவது எக்ஸ்எஸ் கிரிப் ஒன்றைத் தனியாக வாங்கி வையுங்கள்.