டிவிக்குப் பின்னால் ஒரு குட்டிக் கருவி

வகுப்பறை டிவியின் பின்பக்கம், எச்டிஎம்ஐ துளையில் செருகிய விரல் நீளக் கருவி. மின்சாரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு யுஎஸ்பி ஒயர். யார் கண்ணிலும் படாத இந்தப் பொருள்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

லேப்டாப் திரையை ஒயர் இல்லாமலே டிவியில் காட்டுவதுதான் இதன் வேலை. அதற்கு வைஃபை அலையன்ஸ் அமைப்பு 2012இல் கொண்டுவந்த மிராகாஸ்ட் முறைக்கு ரவுட்டர்கூட வேண்டியதில்லை. லேப்டாப்பும் கருவியும் நேரடியாகவே பேசிக்கொள்ளும். திரையில் அசைவதையெல்லாம் லேப்டாப் சுடச்சுட வீடியோவாகச் சுருக்கி அனுப்ப, கருவி அதை விரித்துக் காட்டும். அதனால்தான் பெரிய திரையில் மவுஸ் அம்பு ஒரு இமைப்பொழுது பின்தங்கி வருகிறது. கணக்குப் பாடம் நடத்துபவருக்கு அது பொருட்டே இல்லை. கேம் ஆடுகிறவருக்குத்தான் எரிச்சல்.

2013இல் வந்த குரோம்காஸ்ட் என்ற இதேபோன்ற கருவியின் சாமர்த்தியம் வேறு. யூடியூப் என்றால் எந்த வீடியோ என்று மட்டும் சொல்லிவிட்டு போன் ஒதுங்கிக்கொள்ளும்; படத்தைக் கருவியே இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். போனில் நாம் வேறு வேலை பார்க்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, சில கருவிகளில் இணைக்கும்போது பெரிய திரையில் எழும் அந்தச் சின்ன எண். அறைக்குள் இருப்பவர் மட்டுமே பார்த்துத் தட்ட முடியும். பக்கத்து வகுப்புக் குறும்பன் தன் படத்தை இங்கே ஏற்றிவிட முடியாது. ஆனால் உங்கள் திரையை ஏற்றும் முன் வாட்ஸ்அப் அறிவிப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால், அலுவலகக் கூட்டத்தில் மேலாளரைப் பற்றிய கிண்டல், மேலாளர் முன்னாலேயே ஐம்பத்தைந்து அங்குலத்தில் விரியும்.