வேற்றுலக உயிரிகளின் நலிவு: வெல்சும் பட்லரும்

அறிவியல் புனைகதையில் வேற்றுலக உயிரிக்கு வலிமையைக் கற்பிப்பது எளிது. நலிவைக் கற்பிப்பதே கடினம். மனிதனை மிஞ்சிய ஓர் இனத்தை எப்படியேனும் வீழ்த்தியாக வேண்டிய நெருக்கடியில், கதையின் முடிவுக்கென ஒரு பலவீனத்தைத் தேடி ஒட்டிவிடும் வழக்கம் மலிந்துள்ளது. படைப்பிலக்கிய வகுப்புகளில் மாணவர் எழுதித் தரும் கதைகளிலும் உப்போ ஒளியோ இசையோ இறுதிப் பக்கத்தில் வந்து உதவுவதை ஆசிரியர்கள் அறிவர். 2002-இல் வெளிவந்த எம். நைட் ஷியாமளனின் 'சைன்ஸ்' திரைப்படமும் இதற்கு விலக்கன்று. நீர் பட்டால் வெந்துபோகும் உயிரினம், மேற்பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காடு நீராலான கோளைத் தேடி வருகிறது. இழந்த இறைநம்பிக்கையை மீட்டெடுக்கும் குடும்பத்தின் கதை என்ற அளவில் அதற்கொரு பொருத்தம் உண்டு. ஆயினும் அந்நலிவு அவ்வுயிரினத்தின் வாழ்முறையிலிருந்து பிறந்ததன்று. இரணியனின் நலிவும் அவன் உடலில் இல்லை. பெற்ற வரத்தின் சொற்களுக்கு இடையே உள்ளது. புராணத்திற்கு அது போதும். உயிரியலை அடித்தளமாகக் கொண்ட புனைகதைக்குப் போதாது.

எச். ஜி. வெல்சின் 'உலகங்களின் போர்' நாவலின் மீதும் இக்குற்றச்சாட்டு சுமத்தப்படுவதுண்டு. 1897-இல் இதழ்த் தொடராகவும் 1898-இல் நூலாகவும் வெளிவந்த இந்நாவலில், பீரங்கிகளால் வெல்ல இயலாத செவ்வாய்வாசிகள் பூமியின் நுண்ணுயிர்களால் மடிகின்றனர். இதனைத் தற்செயலான முடிவு என்பார் நாவலைக் கூர்ந்து படிக்கவில்லை என்றே கூற வேண்டும். தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்ற வெல்ஸ், இம்முடிவுக்கான விதைகளை முன்னரே தூவியுள்ளார். நீர்த்துளியில் திரியும் உயிர்களை நுண்ணோக்கியால் காணும் உவமை தொடக்கத்திலேயே இடம்பெறுகிறது. இரண்டாம் பாகத்தில் செவ்வாய்வாசிகளின் உடலமைப்பு விரிவாக விளக்கப்படுகிறது. அவர்களுக்குச் செரிமான உறுப்புகள் இல்லை; பிற உயிர்களின் குருதியைத் தம் நாளங்களில் நேரே ஏற்றிக்கொள்கின்றனர். உறக்கமில்லை, பால் வேறுபாடும் இல்லை. நுண்ணுயிர்கள் செவ்வாயில் தோன்றவே இல்லை, அன்றேல் அவர்தம் அறிவியல் அவற்றை என்றோ ஒழித்துவிட்டது என்ற குறிப்பும் அங்கேயே வருகிறது. அவர்களுடன் வந்து பரவிய செந்நிறத் தாவரம் நுண்ணுயிர் நோயால் அழுகி அழிவது, அவர்களது மரணத்திற்கு முன்பே காட்டப்படுகிறது.

ஆகவே இந்நலிவு அவர்தம் மேம்பாட்டின் மறுபக்கமே எனலாம். நோயற்ற வாழ்வு, நோயை எதிர்க்கும் ஆற்றல் வளர இடந்தரவில்லை. செரிமானம் என்ற இடைத்தடையை நீக்கிய உடல், அயற்குருதியை எவ்விதக் காப்புமின்றி உள்வாங்குகிறது. நோய்க்கிருமிகள் பலவும் தாம் தொற்றும் உயிரினத்தோடு இணைந்து படிமலர்ந்தவை என்பதால், முன்பின் கண்டிராத உடலில் அவை தொற்றுமா என்று இன்றைய உயிரியல் ஐயுறக்கூடும். அவ்வையம் நாவலின் உள்தர்க்கத்தைக் குலைக்கவில்லை.

இக்கட்டுரையாளருக்கு உள்ள தடை வேறு. டாஸ்மேனியப் பழங்குடியினருக்கு ஐரோப்பியர் இழைத்த கொடுமையை முதல் இயலிலேயே சுட்டும் வெல்ஸ், குடியேற்ற ஆதிக்கத்தைத் தலைகீழாக்கிக் காட்டுகிறார். ஆனால் நுண்ணுயிர் ஆதிக்கவாதியைத் தேர்ந்து தாக்குவதில்லை. அமெரிக்கக் கண்டங்களில் அது படையெடுத்தவரின் துணையாகவே நின்றது. மலாயாவில் காடழித்து இரப்பர் நட்ட தோட்டங்களில் மலேரியாவுக்குப் பெருமளவில் இரையானவர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரே. நாவல் நூலான மூன்றாம் ஆண்டில், 1901-இல், மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானில் மலேரியாத் தடுப்புப் பணியைத் தொடங்கினார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. வெல்சின் முடிவு உயிரியல் வழியில் நேரியது; வரலாற்று வழியில் ஓர் ஆறுதல். மனிதர் எவரும் எதையும் தெரிவு செய்ய வேண்டிய நிலை அங்கு எழவில்லை.

அத்தெரிவையே ஒக்டேவியா பட்லர் 1984-இல் வெளியான 'பிளட்சைல்ட்' என்னும் நெடுங்கதையின் நடுவில் வைக்கிறார். அதன் டிலிக் இனம் பிற உயிரின் உடலுக்குள் முட்டையிட்டே இனம் பெருக்க இயலும். அக்கோளின் விலங்குகள் அம்முட்டைகளை அழிக்கும் திறன் பெற்றுவிட்டதால், அழிவை நோக்கிச் சென்ற அவ்வினத்திற்கு அடைக்கலம் தேடிவந்த மனிதர் புதிய தாயுடலாயினர். தோலுக்கடியில் புழுவாக வளரும் ஒருவகை ஈயின் மீது தமக்கிருந்த அச்சமும் கதைக்கு ஊற்றானதாகப் பட்லர் பின்னுரையில் கூறுகிறார். இங்கு நலிவு எதிரியை வீழ்த்தும் கருவியன்று. இரு இனங்களைப் பிணைக்கும் உறவு. டிகாட்டோய் வலியவள், சட்டமும் அவள் பக்கம். எனினும் கான் என்னும் இளைஞனின் உடலின்றி அவளுக்குச் சந்ததி இல்லை.

இதனை அடிமைத்தனத்தின் கதையாகப் படிப்பதைப் பட்லர் மறுத்தார். அன்பின் கதை என்றும், அயலார் மண்ணில் வாழ்வதற்குச் செலுத்தும் வாடகை பற்றியது என்றும் விளக்கினார். ஆசிரியர் கூற்றை முற்றிலும் ஏற்பதற்கில்லை. மனிதர் தனிக்காப்பகத்தில் வைக்கப்பட்டிருப்பதும், துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டிருப்பதும் அன்பு என்ற சொல்லுக்குள் அடங்கா. இன்னொரு மனிதனின் உடல் பிளக்கப்பட்டுப் புழுக்கள் எடுக்கப்படுவதைக் கண்ணாரக் கண்ட கான், தான் மறுத்தால் தமக்கையே ஏற்க நேரும் என்பதறிந்து உடன்படுகிறான். அது எத்துணை விடுதலையான உடன்பாடு என்ற வினாவைக் கதை மூடிவிடவில்லை. ஆனால் உடன்படுமுன் ஒன்றைக் கேட்கிறான்: ஒளித்து வைத்திருந்த துப்பாக்கி அவ்வீட்டிலேயே இருக்க வேண்டும். தன் பிள்ளைகளின் உயிருக்கும் அது ஊறாகலாம் என்றறிந்தும், டிகாட்டோய் நெடிய தயக்கத்திற்குப் பின் இசைகிறாள்.